மேன்லிக் கடற்கரையில் ஒரு நாள்

சிட்னி மாநகரத்துக்கு இரு முகங்கள் உண்டு. ஒன்று, விரல்களை விரித்த கைபோல நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் அமைதியான துறைமுகம். மற்றொன்று, பசிபிக் பெருங்கடலின் அலைகளை நேருக்கு நேர் தாங்கி நிற்கும் வெளிக்கரை. துறைமுகத்தின் இரும்புப் பாலத்தையும் ஓபரா மாளிகையின் வெண்ணிறக் கூரைகளையும் படத்திலேனும் காணாதவர் நம்மில் மிகச் சிலரே. ஆனால் அந்நகர மக்களிடம் உங்கள் ஊரின் பெருமை எது என்று கேட்டால், அவர்கள் பெரும்பாலும் வெளிக்கரையைத்தான் சுட்டிக் காட்டுவர். இவ்விரு முகங்களும் சில நூறு மீட்டர் இடைவெளியில் முதுகோடு முதுகு சாய்ந்து நிற்கும் இடமே மேன்லி.

சிட்னியில் குடியேறி வாழும் எம் மகளின் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்த நாங்கள், பிப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றை அங்கே கழிப்பதென முடிவு செய்தோம். நாம் பனிக்குப் பயந்து போர்வை தேடும் அம்மாதம் அங்கே கடுங்கோடை. ஞாயிறுத் திருப்பலியைச் சனிக்கிழமை மாலையிலேயே கண்டுவிட்டபடியால், விடிந்ததும் புறப்படத் தடையேதும் இருக்கவில்லை. மகள், மருமகன், பத்து வயதுப் பேரன், ஆறு வயதுப் பேத்தி, நாங்கள் இருவர் என அறுவர். மேலும் ஒரு பெரிய பையில் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எங்களோடு பயணம் செய்தன.

நகரின் மேற்குப் பகுதியிலிருந்து இரயிலில் சர்குலர் கீ நிலையத்தை அடைந்து, அங்கிருந்து கப்பல் ஏறினோம். மேன்லிக்குச் செல்லப் பேருந்தும் உண்டு. ஆயினும் கப்பலில் செல்லாதவர் மேன்லியைப் பாதிதான் கண்டவர் என்போம். பச்சையும் மஞ்சளும் பூசிய பெரிய கப்பல்கள் 1980களிலிருந்து இத்தடத்தில் ஓடுகின்றன. ஒரே தடவையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைச் சுமக்க வல்லவை. நகரிலிருந்து ஏழே மைல், ஆனால் கவலையிலிருந்தோ ஆயிரம் மைல் என்ற பொருள்படும் விளம்பரம் ஒன்றை அக்காலக் கப்பல் நிறுவனத்தார் ஊரெங்கும் ஒட்டியிருந்தனராம். விளம்பரங்களில் இத்துணை உண்மையைக் காண்பது அரிது!

பயணம் அரை மணி நேரமே. முதல் இருபது மணித்துளிகள் கப்பல் குளத்தில் அன்னம்போலச் செல்கிறது. பிறகு துறைமுகத்தின் வாயில் வருகிறது. வட முனை, தென் முனை எனும் இரு பாறைக் குன்றுகளுக்கிடையே பெருங்கடல் எட்டிப் பார்க்கிறது. அவ்விடத்தைக் கடக்கும்போது, அதுவரை அசையாதிருந்த கப்பல் மெல்லத் தலையசைக்கத் தொடங்குகிறது. எம் பேத்தி கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். கடல் மிகக் கொந்தளிக்கும் நாட்களில் இத்தடத்தில் கப்பல் விடுவதையே நிறுத்திவிடுவார்களாம். எங்களை முந்திக்கொண்டு இரட்டை உடல் கொண்ட விரைவுப் படகு ஒன்று சென்றது. ‘கட்டமரான்’ என்று பேரன் கூவினான். அச்சொல் நம் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்று நாங்கள் சொன்னபோது அவன் நம்பவில்லை. தன் தந்தையார் ஆமென்று தலையசைத்த பிறகே நம்பினான். நம் மீனவர் கட்டிய சொல், உலகத்தின் மறுகோடியில் மேன்லித் துறைக்குள் நாள்தோறும் வந்து போகிறது.

வட முனையின் உட்புறச் சரிவில் மரங்களிடையே பழைய கட்டடங்கள் தென்படுகின்றன. 1830களிலிருந்து 1984 வரை, தொற்றுநோயோடு வந்த கப்பற்பயணிகளைத் தனித்து வைத்த நிலையம் அது. நாட்டைத் தொட்டும் தொடாமலும் எத்தனை பேர் அங்கே காத்திருந்தனரோ!

மேன்லி என்ற பெயர் வந்த கதையையும் சொல்லவேண்டும். 1788இல் முதல் குடியேற்றக் கப்பல்களோடு வந்த ஆளுநர் ஆர்தர் பிலிப், அவ்வளைகுடாவில் எதிர்கொண்ட ஆதிக்குடி மக்களின் அச்சமற்ற, ஆண்மை மிக்க நடத்தையைக் கண்டு வியந்து அவ்விடத்துக்கு அப்பெயரிட்டார். வியந்தவர் அவ்வியப்போடு நின்றிருக்கலாம். அவர்களுடைய மொழியையும் வழக்கங்களையும் அறியவேண்டும் என்ற பெயரில், 1789 நவம்பரில் பென்னெலாங், கோல்பி எனும் இருவரை அதே கரையில் பிடித்துச் செல்லச் செய்தார். மறு ஆண்டு செப்டம்பரில் அதே கரையில் பிலிப்பின் தோளில் ஈட்டி பாய்ந்தது. பழிக்குப் பழி கூடாதென்று அவர் தடுத்தார் என்பதும் வரலாறே. இன்று துறையில் இறங்கி ஐஸ்கிரீம் வாங்க விரையும் கூட்டத்துக்கு இவையெல்லாம் நினைவிருக்குமா என்பது ஐயமே.

துறையிலிருந்து கடற்கரைக்கு இட்டுச் செல்லும் தெருவின் பெயர் கோர்ஸோ. அதில் வண்டிகளுக்கு இடமில்லை; நடப்போருக்கே உரியது. அத்தெரு மணல் திட்டின் மேல் அமைந்தது. ஒரு காலத்தில் தனித் தீவாய் நின்ற வட முனையை, கடலே மணல் கொண்டுவந்து குவித்து நிலத்தோடு இணைத்துவிட்டது என்கின்றனர் நிலவியலார். எனவேதான் ஒரு பக்கம் துறைமுகம், மறு பக்கம் பெருங்கடல். ஐந்தே நிமிட நடையில் ஒரு முகத்தை விட்டு மறு முகத்தைக் காண்கிறோம்.

தெரு முடிந்ததும் ஓசை முதலில் வருகிறது, பின்னரே கடல். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு மஞ்சள் மணல் வில்போல வளைந்து கிடக்கிறது. தெற்கே சவுத் ஸ்டெயின், நடுவே நார்த் ஸ்டெயின், வடக்கே குவீன்ஸ்கிளிப் என ஒரே கரைக்கு மூன்று பெயர்கள். கரை நெடுகிலும் உயர்ந்து நிற்கின்றன நார்போக் தீவு ஊசியிலை மரங்கள். அடுக்கடுக்காய்க் கிளை விரித்த அம்மரங்களே மேன்லியின் அடையாளம். ஆனால் சில பத்தாண்டுகளுக்கு முன்னர் அவை ஒவ்வொன்றாய்ப் பட்டுப்போகத் தொடங்கின. காரணம் தேடியவர்கள் கண்டது வியப்புக்குரியது. வட முனையருகே கடலில் விடப்பட்ட நகரக் கழிவுநீரில் சோப்புத் தூள்களின் வேதிப்பொருள் கலந்திருந்தது. கடற்காற்று அதனை நீர்த்திவலைகளோடு சுமந்து வந்து இலைகளின் மேல் தெளித்தது. இலையின் மேலிருந்த இயற்கை மெழுகு கரைய, உப்பு உட்புகுந்து மரத்தைக் கொன்றது. வீட்டுக்கு வீடு துணி வெளுத்த நுரை மரங்களை வந்து சேர்ந்தது பாருங்கள்! 1990இல் கழிவுநீரை மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் ஆழ்கடலில் விடும் சுரங்கக் குழாய் இயங்கத் தொடங்கியது. கரை நீரின் தூய்மை பெரிதும் மேம்பட்டது.

இக்கடலில் பகலில் குளிப்பது ஒரு காலத்தில் குற்றம் என்றால் இன்றைய தலைமுறை நம்புமா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகரிகம் கருதிப் பகற்பொழுதில் பொதுவிடத்தில் நீராடுவதைச் சட்டம் தடுத்திருந்தது. விடியுமுன்னும் இருட்டிய பின்னுமே கடலில் இறங்கலாம். 1902 அக்டோபரில் வில்லியம் கோச்சர் என்ற உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர், தாம் நண்பகலில் நீராடப் போவதாகத் தம் பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டு, அவ்வாறே இறங்கினார். அவர் ஒருவரால்தான் தடை தகர்ந்தது என்று சொல்வது மிகை. பலரும் அதனை மீறிக்கொண்டுதான் இருந்தனர். எவ்வாறாயினும் 1903இன் இறுதியில் மேன்லி நகரவை விதியைத் தளர்த்தியது. கழுத்து முதல் முழங்கால் வரை உடலை மறைக்கும் ஆடை அணிந்து எந்நேரமும் நீராடலாம் என்றாயிற்று. இன்று அக்கரையில் காணும் ஆடைகளைப் பற்றி நாம் எதுவும் எழுதுவதற்கில்லை. எம் இல்லத்தார் புடவையைக் கணுக்காலுக்கு மேல் சற்றே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நீரோரம் நின்றார். அவரை ஒருவரும் வேடிக்கை பார்க்கவும் இல்லை.

சட்டம் வழிவிட்டது, கடல் வழிவிடவில்லை. நீந்தத் தெரியாத நகர மக்கள் ஆயிரக்கணக்கில் அலைக்குள் இறங்கினால் நேர்வது என்ன? அந்நாளில் அவர்களுக்குத் துணை நின்றவர்கள் மீனவர்கள். எட்டி, ஜோ எனும் ஸ்லை சகோதரர்கள் தம் மீன்பிடிப் படகையே காவற்படகாக்கி, நீராடுவோரைக் கண்காணித்து வந்தனர். அலையோடு விளையாடக் கற்றுத் தந்தவரும் ஓர் எளிய மனிதரே. பசிபிக்கில் இன்று வனுவாட்டு எனப்படும் தீவுக் கூட்டத்தின் தானா தீவிலிருந்து வந்து மேன்லியில் பணியாளாய் இருந்த இளைஞர் ஒருவர், பலகை ஏதுமின்றித் தம் உடலையே ஓடமாக்கி அலைமேல் சறுக்கிக் கரையேறுவார். டாமி தானா என்று ஊரார் அவரை அழைத்தனர். அவருடைய மெய்யான பெயரைக் கேட்டு எழுதிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை போலும். அவரிடமிருந்து பார்த்துப் பழகிய உள்ளூர் இளைஞர்களால் அக்கலை கரையெங்கும் பரவியது.

பலகை பின்னர் வந்தது. ஹவாய்த் தீவின் நீச்சல் வீரர் டியூக் கஹனமோக்கு 1914–15 கோடையில் இங்கு வந்து, மேன்லிக்கு அடுத்துள்ள பிரெஷ்வாட்டர் கரையில் தாமே செதுக்கிய பலகையில் நின்றவாறு அலைமேல் வந்தார். இசபெல் லெத்தம் என்ற பதினைந்து வயது உள்ளூர்ச் சிறுமியையும் தம்முடன் ஏற்றிக்கொண்டார். அப்பலகை இன்றும் அவ்வூர்க் காவற்கழகத்தில் போற்றி வைக்கப்பட்டுள்ளது. 1964 மே மாதத்தில் உலக அலைச்சறுக்குப் போட்டி மேன்லியில் நடைபெற்றபோது, ஆடவரில் மிட்ஜெட் பாரெல்லியும் மகளிரில் பில்லிஸ் ஓடொனலும் வாகை சூடினர், இருவருமே ஆஸ்திரேலியர்.

நாங்கள் மணலில் விரிப்பை விரித்து அமர்ந்தபோது மணி ஒன்பதரை. எங்களுக்கு முன்னரே கரை விழித்திருந்தது. கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்புச் சட்டையணிந்த சிறார் நூற்றுக்கணக்கில் மணலில் ஓடிக்கொண்டிருந்தனர். ‘நிப்பர்ஸ்’ என்பது அவர்களுடைய பெயர். ஐந்து வயது முதலே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, கோடைக்கால ஞாயிறுகளில் கடலைப் பற்றிக் கற்பிக்கிறார்கள். ஒரு விளையாட்டு எங்களை மிகவும் கவர்ந்தது. பிள்ளைகள் கடற்கரை மணலில் குப்புறப் படுத்துக் கிடப்பர். ஊதல் ஒலித்ததும் துள்ளியெழுந்து திரும்பி ஓடி, மணலில் நட்டுள்ள குட்டைக் குச்சிகளைப் பற்றவேண்டும். குச்சிகளோ பிள்ளைகளைவிட ஒன்று குறைவு! நம் நாற்காலி விளையாட்டேதான். வியர்வை மட்டும் கூடுதல். பயிற்சியாளர்கள் யாரென விசாரித்தோம். எல்லாரும் பெற்றோர்களே. ஊதியம் கிடையாது.

ஊதியமில்லாத உழைப்பு என்பதே இக்கரையின் பெரிய வியப்பு. ஆஸ்திரேலியக் கரைகளில் இருவகைக் காவலர் உளர். நகரவை சம்பளம் கொடுத்து அமர்த்திய காவலர் ஒரு சாரார். ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் மஞ்சளும் சிவப்புமான குல்லாயணிந்து நிற்கும் தொண்டர் மறு சாரார். 1907 அக்டோபரில் சிட்னிக் கரைகளின் கழகங்கள் ஒன்றுகூடி அமைத்த சங்கமே இன்று நாடு தழுவிய இயக்கமாய் வளர்ந்துள்ளது. அன்று முதல் இன்று வரை அவர்கள் கடலிலிருந்து மீட்டோர் தொகை ஆறு இலட்சத்துக்கும் மேல். காவலுக்கு நிற்க விரும்புவோர் பதினைந்து வயது நிரம்பி, வெண்கலப் பதக்கத் தேர்வில் தேறவேண்டும். நானூறு மீட்டரை ஒன்பது நிமிடத்துக்குள் நீந்தவேண்டும். இருநூறு மீட்டர் ஓட்டம், இருநூறு மீட்டர் கடல் நீச்சல், மீண்டும் இருநூறு மீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் எட்டு நிமிடத்தில் முடிக்கவேண்டும். மூச்சு நின்றவருக்கு மூச்சு வரவழைக்கவும் கற்கவேண்டும். இத்தனையும் எதற்கு? சம்பளமின்றி வெயிலில் நிற்பதற்கு! பெண்களுக்கு இவ்வாய்ப்பு 1980இல்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது என்பதைக் கேட்டு எம் மகள் உதட்டைச் சுழித்தாள்.

அவர்கள் காலையில் முதலாவதாகச் செய்வது, கடலை நெடுநேரம் உற்றுப் பார்த்து, மணலில் இரண்டு கொடிகளை நடுவது. மேற்பாதி சிவப்பு, கீழ்ப்பாதி மஞ்சள். அவ்விரு கொடிகளுக்கு நடுவேதான் குளிக்கவேண்டும். அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது அகர முதல எழுத்தைப் போன்றது. கரை ஒன்றரைக் கிலோமீட்டர் நீண்டு கிடக்க, மக்கள் எல்லாரும் அந்தச் சிறு இடைவெளிக்குள்ளேயே நெருக்கியடித்து நிற்பது புதிதாய்க் காண்போருக்கு நகைப்பாய்த் தோன்றும்.

எம் பேரனுக்கும் அவ்வாறே தோன்றிற்று. “தாத்தா, அங்கே பாருங்கள், அலையே இல்லை. கூட்டமும் இல்லை. நாம் அங்கே போய்க் குளிக்கலாமே?” என்று கொடிகளுக்கு வடக்கே கை நீட்டினான். உண்மைதான். இரு புறமும் வெண்ணுரை பொங்கிப் புரள, நடுவே ஒரு தெருவின் அகலத்துக்கு நீர் கருநீலமாய், அமைதியாய்க் கிடந்தது. குளத்துப் படித்துறைபோல அழைத்தது.

“அந்த இடந்தானப்பா ஆபத்து,” என்றாள் மகள். அவள் அந்நாட்டில் பத்தாண்டு வாழ்ந்தவள்.

விளக்கத்தை மருமகன் சொன்னார். அலைகள் ஓயாமல் கரைக்கு நீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கொட்டிய நீர் திரும்பிப் போக வழி வேண்டுமல்லவா? கடலடியில் மணல் மேடுகளுக்கிடையே பள்ளம் எங்குள்ளதோ, அவ்வழியே அது ஓர் ஆறுபோலத் திரண்டு கடலை நோக்கி ஓடுகிறது. ‘ரிப்’ என்று அவர்கள் அழைக்கும் இழுவை நீரோட்டம் இதுவே. பள்ளத்தில் ஆழம் மிகுதி. ஆகவே அங்கே அலை உடைவதில்லை. ஆகவே அது அமைதியாய்த் தோன்றுகிறது. சில வேளைகளில் அதன் வேகம் வினாடிக்கு இரண்டு மீட்டரை எட்டும். ஒலிம்பிக் நீச்சல் வீரரின் வேகமும் ஏறத்தாழ அவ்வளவே. அந்நாட்டில் ஆண்டுதோறும் சராசரியாக இருபதுக்கும் மேற்பட்டோர் இந்நீரோட்டத்தால் உயிரிழக்கின்றனர். சுறாமீனைப் பற்றி உலகமெல்லாம் பேசுகிறது. அதனால் இறப்போரைவிட இத்தொகை பன்மடங்கு.

நண்பகலில் கரையின் தென்கோடி வழியே நடந்து ஷெல்லிக் கடற்கரைக்குச் சென்றோம். ஒரு கிலோமீட்டர் தொலைவுதான். பாறையோரப் பாதை, வழியில் பாறையைத் தடுத்துக் கட்டிய சிறு நீச்சற்குளம். மேலே குன்றின் மீது கோட்டைபோல ஒரு மணற்கல் மாளிகை தெரிந்தது. கர்தினால் மோரன் காலத்தில் 1889இல் திறக்கப்பட்ட புனித பேட்ரிக் குருமடம் அது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆஸ்திரேலியக் குருக்கள் பலரை உருவாக்கிய அவ்வில்லம் 1995இல் ஸ்டிராத்பீல்டுக்கு இடம் மாறியது. கட்டடம் பின்னர் நிர்வாகவியல் கல்லூரியாயிற்று. புகழ்பெற்ற நாவலாசிரியர் தாமஸ் கெனீலி இங்கே பயின்று, குருப்பட்டம் பெறுமுன் விலகியவர். இத்தகைய கடலைச் சாளரத்துக்கு வெளியே வைத்துக்கொண்டு இறையியல் பயின்ற மாணவர்களின் மனவுறுதியை வியந்தோம்.

ஷெல்லி, சிறாருக்கேற்ற அடக்கமான விரிகுடா. அதனைச் சூழ்ந்த கேபேஜ் ட்ரீ விரிகுடா 2002 முதல் நீர்வாழ் உயிர்க் காப்பகம். தூண்டில் போடவும் சிப்பி பொறுக்கவும் கூடாது. அதன் பயனாக, முழங்கால் நீரிலேயே மீன் கூட்டங்கள் காலைச் சுற்றுகின்றன. பேத்தி ஒரு மணி நேரம் நீரைவிட்டு வரவில்லை. எலுமிச்சைச் சாதத்தை அங்கேயே பங்கிட்டோம். கடற்காகங்கள் எங்களைச் சூழ்ந்து நின்று, வறுவலில் தம் பங்கைக் கேட்டன. ஒன்று கேட்காமலே எடுத்துக்கொண்டது. வெயில் அங்கே ஏமாற்றுக்காரி. காற்று குளிர்ந்து வீசும்போதே தோல் கருகிவிடும். எழுபது வயதுக்குள் மூவரில் இருவருக்குத் தோற்புற்று ஏதேனும் ஒரு வகையில் காணப்படும் நாடு அது. ஆகவே எல்லாரும் முகத்தில் வெள்ளைக் களிம்போடுதான் திரிகின்றனர்.

மூன்று மணியளவில் பெருங்கரைக்குத் திரும்பினோம். அப்போதுதான் அது நிகழ்ந்தது. இரு இளைஞர்கள், முகத்தைப் பார்த்தால் நம் நாட்டுப் பக்கத்து மாணவர்கள் என்றே தோன்றியது, காற்சட்டையோடு அந்த அமைதியான நீருக்குள் சிரித்துப் பேசியபடி இறங்கினர். காவலர் ஊதலை ஊதிக் கையசைத்தார். ஒருவர் நின்றார். மற்றவர் இடுப்பளவு நீரில் திரும்பிப் பார்த்தார். திரும்பிப் பார்த்த நொடிக்குள் மார்பளவு. அடுத்த அலை தணிந்தபோது அவர் தலை மட்டுமே தெரிந்தது. கரையை நோக்கி அவர் கைகளை வீசி நீந்தினார். நீந்த நீந்தத் தொலைவு கூடிற்று. கூச்சல் இல்லை, அமர்க்களம் இல்லை. அருகில் பந்து விளையாடியவர்கள்கூட விளையாட்டை நிறுத்தவில்லை. மூழ்குவோர் கூக்குரலிடுவர் என்று நாம் எண்ணியிருக்கிறோம். மூச்சுக்கே வழியில்லாதவர் குரலுக்கு எங்கே போவார்? கரையில் நின்ற நண்பர் வாய் திறந்தபடி சிலையாய் நின்றார். எம் இல்லத்தார் ஜெபமாலையை எடுத்துவிட்டார்.

மீட்புப் பலகையோடு ஓடியவள் ஒரு பெண், இருபது வயதிருக்கலாம். அவள் நேரே அவரை நோக்கிப் பாயவில்லை. நாங்கள் எதற்கு அஞ்சினோமோ அந்த இழுவைக்குள்ளேயே பலகையைப் போட்டு, அதன் வேகத்தையே குதிரையாக்கிக்கொண்டு சென்றாள்! அவரைப் பலகையில் ஏற்றிப் படுக்கவைத்து, குறுக்கே திருப்பி, வெண்ணுரை பொங்கும் பக்கம் சேர்ந்ததும் ஓர் அலை இருவரையும் கரையில் கொண்டுவந்து வைத்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிராது. இளைஞர் மணலில் மண்டியிட்டு இருமினார். அவருக்கு உயிர்க்காற்று கொடுத்து, கம்பளி போர்த்தி, பெயரையும் வயதையும் தாளில் குறித்துக்கொண்டார்கள். ஏச்சு இல்லை. அப்பெண் பலகையைத் தன்னிடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, மீண்டும் கடலைப் பார்த்து நின்றாள்.

காவற்குழுவின் தலைவரான பெரியவரிடம் மருமகன் சென்று பேசினார். இழுவையில் அகப்பட்டால் என்ன செய்யவேண்டும் என்பதை அவர் மணலில் விரலால் வரைந்து காட்டினார். எதிர்த்து நீந்தி வலுவிழக்கக் கூடாது. அது எவரையும் அடியில் இழுத்து அமிழ்த்துவதில்லை, வெளியேதான் கொண்டுசெல்லும். ஆகவே மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்திக் காவலரை அழைக்கவேண்டும். நீந்த வலுவுள்ளவர் குறுக்கே நீந்தி, அலை உடையும் பக்கத்தை அடைந்தால் அலையே கரைசேர்க்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கொடியில்லாத கரையில் இறங்கவே கூடாது. அக்கரைகளில் உயிரிழப்போரில் பிற நாட்டில் பிறந்தவர் பலர் என்றும், இந்தியரும் அவர்களில் உண்டென்றும் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். 2024 ஜனவரி 24ஆம் நாள் விக்டோரியா மாநிலத்துப் பிலிப் தீவில், காவலற்ற கரையொன்றில், இந்திய வம்சாவளியினர் நால்வர் ஒரே சமயத்தில் மாண்ட செய்தி எங்கள் எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது. மேற்படிப்புக்கென்று பிள்ளைகளை அங்கே அனுப்பும் பெற்றோர், குளிருக்கு உடையும் ஊறுகாயும் கட்டிக் கொடுக்கும்போது இரண்டு கொடிகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்லி அனுப்பினால் நலம்.

நீர் வற்றத் தொடங்கியதும் காவலர்கள் கொடிகளைப் பிடுங்கிச் சற்றுத் தெற்கே நட்டனர். கடலடி மணல் இடம் மாறுவதால் இழுவையும் இடம் மாறுமாம். கூட்டம் முழுதும் பாயை மடித்துக்கொண்டு, ஆட்டு மந்தைபோலக் கொடிகளைப் பின்தொடர்ந்து நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.

மாலையில் காவல் நேரம் முடிந்ததென்று ஒலிபெருக்கி அறிவித்தது. நீராடியவர்கள் ஒவ்வொருவராய்க் கரையேறினர். அலைச்சறுக்கு வீரர்கள் மட்டும் தொலைவில் கரும்புள்ளிகளாய் அடுத்த அலைக்குக் காத்திருந்தனர். அப்பெண் கொடிகளைச் சுருட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு எங்களைக் கடந்து சென்றாள். பேரன் ஓடிச்சென்று அவளிடம் ஏதோ கேட்டான். அவள் குனிந்து, கழகத்தின் வாயிலைக் காட்டி, அக்டோபர் மாதம் வந்து பெயர் கொடுக்கும்படி சொன்னாள். அது வரைக்கும் நீச்சல் கற்றுக்கொண்டு வா என்றும் சொன்னாளாம்.